பழைய கல்யாண டிவிடி கணினியில் ஏன் கோடு கோடாகத் தெரிகிறது?

இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த கல்யாண டிவிடி ஒன்றைக் கணினியில் போட்டுப் பாருங்கள். மணமக்கள் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை படம் ஒழுங்காகவே இருக்கும். மாலை மாற்றக் கையைத் தூக்கியதும், கையின் இரண்டு ஓரங்களிலும் சீப்பின் பற்களைப் போல மெல்லிய கிடைக்கோடுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். நாதஸ்வரக்காரர் தலையைத் திருப்பினால் தலையே கோடு கோடாகக் கிழியும். அதே வட்டை எம்பி4 கோப்பாக மாற்றிக் கைபேசியில் பார்த்தால் இன்னும் மோசம். கோடுகள் போயிருக்கலாம், அவற்றோடு முகத்தின் தெளிவும் போயிருக்கும்.

உடனே வட்டின் மேல் பழி விழும், அல்லது வீடியோக்காரரின் மேல். பெரும்பாலும் இருவருமே நிரபராதிகள். அந்த வட்டில் இருக்கும் படம் பிக்சர் டியூப் டிவிக்காக எழுதப்பட்டது. இன்றைய தட்டைத் திரைக்கு அதைக் கொண்டுவரும்போது நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் விட்டால் கோடு விழும். அரைகுறையாகச் செய்தால் படம் மங்கும். கெடுவது மாற்றும்போதுதான் என்பதால், மூல வட்டு கையில் இருக்கும்வரை சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு படத்துக்குள் இரண்டு கணங்கள்

பிக்சர் டியூபின் உள்ளே ஓர் எலெக்ட்ரான் கற்றை, திரையின் மேல் மூலையில் தொடங்கி வரி வரியாகக் கீழே இறங்கும். கற்றை பட்ட இடம் ஒளிரும், உடனே அணையத் தொடங்கும். விநாடிக்கு 25 முறை மட்டும் இப்படி முழுப்படத்தை வரைந்தால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் திரை மங்கி மங்கி மினுக்கும், கண் வலிக்கும். 50 முறை வரைந்தால் மினுக்கல் அடங்கும். ஆனால் இரண்டு மடங்கு தகவலை வான்வழியே அனுப்ப வேண்டும். அதற்கு அலைவரிசையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

1936 நவம்பரில் லண்டனின் அலெக்சாண்டரா மாளிகையிலிருந்து பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இந்தச் சிக்கலுக்கான இரண்டு விடைகள் நேருக்கு நேர் மோதின. பெயர்டு நிறுவனத்தின் முறை 240 வரிகளையும் வரிசையாக, விநாடிக்கு 25 முறை வரைந்தது. மார்கோனி-ஈஎம்ஐ முறையில் 405 வரிகள். ஆனால் அவற்றை ஒரே மூச்சில் வரையவில்லை. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை வரிகள். அடுத்து இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படை வரிகள். விநாடிக்கு 50 அரைப்படங்கள். இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பிய பிபிசி, சில மாதங்களிலேயே பெயர்டு முறையைக் கைவிட்டது.

அன்று வென்ற உத்திக்குப் பெயர் இன்டர்லேஸ். அந்த அரைப்படத்துக்குப் பெயர் ஃபீல்டு. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு வந்தபோது எடுத்துக்கொண்ட ‘பால்’ (PAL) முறையும் இதே வழியில் வந்ததுதான். அதில் மொத்தம் 625 வரிகள். படமாகத் தெரிபவை 576. விநாடிக்கு 25 ஃபிரேம் (முழுப்படம்), அதாவது 50 ஃபீல்டு. இலங்கையும் பிரிட்டனும் ‘பால்’ பக்கம். அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி பக்கம். அங்கே டிவிடி படத்தில் 480 வரிகள், விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டுகள். டொராண்டோ உறவினர் அனுப்பிய கல்யாண வட்டுக்கும் மதுரையில் எடுத்த வட்டுக்கும் கணக்கு வேறுபடுவது இதனால்தான்.

இங்கே ஒரு செய்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்டர்லேஸ் கேமரா ஒரு படத்தை எடுத்து அதை இரண்டாகப் பிரிக்கவில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்தில் எடுத்தது. இரட்டைப்படை வரிகளை ஐம்பதில் ஒரு பங்கு விநாடி கழித்து எடுத்தது. அதற்குள் மாலை பிடித்த கை நகர்ந்திருக்கும். ஆகவே டிவிடியில் 720க்கு 576 அளவில் உள்ள ஒவ்வொரு ஃபிரேமும் உண்மையில் இரண்டு வெவ்வேறு கணங்கள். ஒவ்வொன்றுக்கும் 288 வரிகள்.

பழைய டிவி அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியது. அதனால் கோடும் இல்லை, அசைவும் வழுக்கிக்கொண்டு போனது. இன்றைய திரையோ எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. கை ஒரே படத்தில் இரண்டு இடங்களில், ஒன்றுவிட்டு ஒரு வரியாகத் தெரிகிறது. சீப்புப் பற்கள் அங்கேதான் முளைக்கின்றன. அசையாத தூணிலும் வாழைமரத்திலும் கோடு விழாததற்குக் காரணமும் இதுவே: இரண்டு கணத்திலும் அவை ஒரே இடத்தில் இருந்தன.

மங்கல் எப்படிச் சேர்கிறது

கோடு, மங்கல் இரண்டும் வேறுவேறு நோய்கள். கோடு வட்டிலேயே இருப்பது. மங்கலை நாம் சேர்க்கிறோம், அதுவும் பல வழிகளில்.

பல மாற்றி மென்பொருள்கள் செய்யும் எளிய வேலை, இரண்டு ஃபீல்டுகளையும் கலந்து சராசரி எடுப்பது. கோடு மறைந்துவிடும். பதிலுக்கு அசையும் கை இரண்டு வெளிறிய கைகளாகத் தெரியும். முகம் திரும்பினால் முகத்தின் மேல் இன்னொரு முகம் படியும். அசையாத இடங்களில்கூட மேல் வரியும் கீழ் வரியும் கலந்து, பட்டுப்புடவையின் சரிகைக் கோடுகள் குழம்பும். ‘பிளெண்ட்’ என்ற பெயரில் ஒரு வழி கொடுக்கப்பட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். மற்றவற்றில் இது நல்லதா அது நல்லதா என்று வாதிக்கலாம். இதில் வாதிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு வழி, ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை இழுத்து நீட்டுவது. இதில் இரட்டைக் கை வராது. ஆனால் 288 வரிகளைக் கொண்டு 576 வரிகளை நிரப்புவதால் சாய்வான ஓரங்கள் படிக்கட்டாகும். பத்திரிகையைப் படமெடுத்த காட்சியில் எழுத்துகளைப் படிக்க முடியாது.

மூன்றாவது, எதுவுமே செய்யாமல் கோடுகளோடு சுருக்கிவிடுவது. வீடியோவைச் சுருக்கும் எச்.264 போன்ற முறைகளுக்கு, அந்தச் சீப்புப் பற்கள் படத்தின் நுணுக்கமான பகுதிகளாகவே தெரியும். அவற்றைக் காப்பாற்றுவதற்கு இடத்தைச் செலவழித்துவிட்டு, முகத்துக்கும் துணிக்கும் மிச்சத்தைத் தரும். கோப்பைச் சிறிதாக்கச் சொன்னால் இரண்டையுமே காப்பாற்ற முடியாமல் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

நான்காவதுதான் திருத்தவே முடியாதது: கோடுகளை எடுக்காமல் படத்தின் அளவை மாற்றுவது. 576 வரிகளை 480ஆகவோ 720ஆகவோ 1080ஆகவோ மாற்றும்போது, பக்கத்து வரிகளைக் கலந்துதான் புதிய வரிகள் உருவாகின்றன. பக்கத்து வரி என்பது வேறொரு கணம். கலந்தபின் எந்த வரி எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கோடுகள் மெல்லியதாக இல்லாமல் தடித்து, அலை அலையாகத் தெரிந்தால் இந்த விபத்து ஏற்கெனவே நடந்துவிட்டது என்று பொருள். மூல வட்டைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. ‘எச்டியாக மாற்றித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் கடைகளில் கொடுப்பதற்கு முன், கோடுகளை முதலில் எடுக்கிறீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது. செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்களுக்கும் இதே விதிதான். கோட்டோடு கொடுத்தால் அவை கோட்டையும் சேர்த்துக் கூர்மையாக்கித் தரும். கோடு இல்லாமல் கொடுத்தாலும் சில நேரம் தாத்தாவின் முகத்தை வேறு யாரோ ஒருவருடைய முகமாக்கிவிடும் என்பது வேறு கதை.

முதலில் வட்டு எந்த ரகம் என்று பாருங்கள்

எல்லா வட்டுக்கும் இந்தச் சிகிச்சை தேவையில்லை. கண்டுபிடிக்க விஎல்சி என்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் போதும். அது சாதாரணமாகத் தானே கோடுகளை நீக்கிக் காட்ட முயலும் என்பதால், வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். பிறகு யாராவது பக்கவாட்டில் வேகமாக நடக்கும் காட்சிக்குப் போங்கள். மாப்பிள்ளை அழைப்பு இதற்கு வெகு பொருத்தம். படத்தை நிறுத்தி, விசைப்பலகையில் ஆங்கில ‘ஈ’ (E) விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக நகரும்.

அசைவு உள்ள ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு இருந்தால் அது உண்மையான இன்டர்லேஸ். வீடியோ கேமராவில் எடுத்த கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, டிவியில் பதிவு செய்த கச்சேரி எல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

எங்கேயும் கோடே இல்லையென்றால் பேசாமல் அப்படியே மாற்றுங்கள். திரைப்பட டிவிடிகள் பல இப்படி இருக்கும். பிலிமில் எடுத்த படத்தில் இரண்டு அரைப்படங்களும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. ஒட்டினால் முழுப்படம் கிடைத்துவிடும். (விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை ‘பால்’ டிவிடிக்காக 25ஆக ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். குரலும் ஒரு துளி கீச்சிடும்.) கோடு இல்லாத படத்தில் கோடு நீக்கும் வேலையைச் செய்தால் இருக்கும் தெளிவும் குறையும்.

என்டிஎஸ்சி வட்டில் திரைப்படம் இருந்தால், மூன்று ஃபிரேம் சுத்தமாகவும் இரண்டு ஃபிரேம் கோடோடும் மாறி மாறி வரும். 24 ஃபிரேமை 30க்கு இழுப்பதற்காகச் சில ஃபீல்டுகளை இருமுறை போட்டிருப்பார்கள். அங்கே வேண்டியது வேறு மருந்து. பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் அதற்கு ‘டீடெலிசின்’ என்று பெயர். கூடுதலாகப் போட்டதை நீக்கி, பழைய 24 ஃபிரேமையே திருப்பித் தரும்.

கோடு இல்லாமல், அசைவில் இரண்டு உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று நிழலாகத் தெரிந்தால், வட்டு தயாரித்தவரே கலந்துவிட்டார். அதற்கு இந்தக் கட்டுரையில் மருந்தில்லை. கேமராவில் பதிவான மூல மினி டிவி (MiniDV) கேசட் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விசிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதில் படமே 352க்கு 288தான். இன்டர்லேஸ் கிடையாது. மங்கலாக இருந்தால், அது பிறவியிலேயே அப்படித்தான்.

வேலைக்கு வருவோம்

வட்டை நேரடியாக மாற்றத் தொடங்காதீர்கள். எழுதும் வட்டுகளின் சாயம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெடும்; மாற்றும் நடுவில் வட்டு சிக்கினால் கோப்பு பாதியில் நிற்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள், வட்டில் உள்ள படத்தையும் ஒலியையும் சுருக்காமல், மாற்றாமல், அப்படியே ஓர் எம்கேவி கோப்பில் எடுத்துவைக்கும். கல்யாண வட்டுகளில் பொதுவாகப் பூட்டு எதுவும் இருக்காது என்பதால், அதிலுள்ள ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறையை முழுதாக நகலெடுத்தாலும் போதும். அதற்குள் ஒரு ஜிபிக்கு மிகாத துண்டுகளாக விஓபி கோப்புகள் இருக்கும். அவற்றைத் தனித்தனியாக மாற்றாமல் கோப்புறையையே மென்பொருளிடம் கொடுங்கள். தனித்தனியாக மாற்றினால் தாலி கட்டும் இடத்தில் வெட்டு விழுந்தாலும் விழும்.

இந்த நகலைக் கடைசிவரை அழிக்க வேண்டாம். ஓர் ஒற்றை அடுக்கு வட்டில் இருப்பது அதிகபட்சம் 4.7 ஜிபி, இன்றைய வன்தட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோடு நீக்கும் மென்பொருள்கள் ஆண்டுக்காண்டு தேறிவருகின்றன. நீக்கிய கோப்பிலிருந்து பழைய ஃபீல்டுகளைத் திரும்பப் பெற வழியில்லை.

இனி ஹேண்ட்பிரேக். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பைத் திறந்து, ‘ஃபில்டர்ஸ்’ பக்கத்துக்குப் போனால் டீஇன்டர்லேஸ் என்ற வரி இருக்கும். அதில் யாடிஃப், டீகோம்ப், பிடபிள்யூடிஃப் ஆகிய பெயர்களைப் பார்க்கலாம். டீகோம்ப் கோடு உள்ள ஃபிரேமை மட்டும் தொடும். பாதி சுத்தமாகவும் பாதி கோடாகவும் உள்ள கலவை வட்டுகளுக்கு அது சரி. யாடிஃப் கொஞ்சம் புத்தியுள்ளது. படம் அசையாத இடத்தில் இரண்டு ஃபீல்டின் வரிகளையும் பயன்படுத்திக்கொள்ளும்; அசையும் இடத்தில் மட்டும், விடுபட்ட வரியைச் சுற்றியுள்ளவற்றைப் பார்த்து ஊகித்து நிரப்பும். பிடபிள்யூடிஃப் அந்த யாடிஃபையும், பிபிசியின் ஆய்வுப் பிரிவுக்காக மார்ட்டின் வெஸ்டன் வகுத்த ஒரு கணக்கையும் சேர்த்துச் செய்தது. 1936இல் இந்தச் சிக்கலை வீட்டுக்குள் விட்ட நிறுவனமே அதை அவிழ்க்கவும் உதவியிருக்கிறது. உங்கள் பதிப்பில் பிடபிள்யூடிஃப் இருந்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் யாடிஃப்.

பக்கத்திலேயே ‘ப்ரீசெட்’ என்ற இடத்தில் ‘டீஃபால்ட்’ என்று இருக்கும். அதை ‘பாப்’ என்று மாற்றுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். டீஃபால்ட் இரண்டு கணங்களிலிருந்து ஒரே படத்தைத் தரும்: விநாடிக்கு 25. பாப் ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு முழுப்படம் தரும்: விநாடிக்கு 50. கேமரா பதிவு செய்த கணங்கள் 50. அவற்றில் பாதியை ஏன் எறிய வேண்டும்? பரதநாட்டிய அரங்கேற்றத்தை இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்தால் வேறுபாடு முதல் ஜதியிலேயே தெரிந்துவிடும். 25இல் கை தாவித் தாவிப் போகும். 50இல் பழைய டிவியில் பார்த்த அதே வழுக்கல்.

பாப் மட்டும் போதாது. ஹேண்ட்பிரேக்கின் ஆயத்த அமைப்புகளில் ‘576பி25’ என்று பெயர் கொண்டவை ஃபிரேம் வேகத்தை 25க்கு மேல் விடாது. பாப் உருவாக்கிய பாதியை அது சத்தமில்லாமல் எறிந்துவிடும். வீடியோ பக்கத்தில் ஃபிரேம் வேகத்தை 50 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். என்டிஎஸ்சி வட்டாக இருந்தால் 59.94. தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18க்கும் 20க்கும் இடையில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்.

அளவு விஷயத்தில் கை வைக்காமல் இருப்பதே உத்தமம். 720க்கு 576 என்பது வட்டில் சேமிக்கும் அளவுதான். பார்க்கும்போது 4:3 வடிவில் அது 768க்கு 576ஆக விரியும். ஹேண்ட்பிரேக் தானாகவே அந்தக் கணக்கைக் கோப்பில் எழுதிவிடும். அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று 16:9க்கு இழுத்தால் மணமகள் முகம் பருத்துவிடும். பக்கங்களில் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

முழு வட்டையும் மாற்றுவதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். கோடு போயிருந்தும், நடப்பவர்கள் முன்னும் பின்னுமாக உதறிக்கொண்டு நகர்ந்தால், ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. மேல் ஃபீல்டு முதலா, கீழ் ஃபீல்டு முதலா என்பதில் குழப்பம். டிவிடியில் வழக்கமாக மேல் ஃபீல்டு முதலில் வரும். மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். கேசட்டிலிருந்து வட்டுக்குப் போன கல்யாணங்களில், மிக்ஸிங் செய்தவர் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வட்டிலேயே தவறான வரிசை பதிந்திருக்கும். எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவிகளில் வரிசையை நாமே சொல்லிக் கொடுக்க முடியும். வரிசையைச் சரியாகச் சொன்ன அடுத்த கணமே உதறல் நின்றுவிடும்.

இவ்வளவும் போதவில்லை, இன்னும் தெளிவு வேண்டும் என்பவர்களுக்கு கியூடிஜிஎம்சி இருக்கிறது. அசைவு எந்தத் திசையில் போகிறது என்று முன்னும் பின்னும் உள்ள படங்களில் தேடிப் பார்த்து வரிகளை நிரப்பும் முறை அது. சரிகை ஓரமும் கோலப்பொடியும் நடுங்காமல் நிற்கும். ஏவிஐசிந்த், வேப்பர்சிந்த் என்ற, நிரல் எழுதி இயக்கும் வீடியோ கருவிகளின் மேல் ஓடுவது. நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும், ஓடுவதற்கு அதைவிடப் பொறுமை வேண்டும். ஹைபிரிட் என்ற இலவச மென்பொருள் அந்தச் சிரமத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஒரே ஒரு வட்டுதான் இருக்கிறது, அதில் இன்று இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்றால் இந்த உழைப்பு தகும். பள்ளி ஆண்டு விழாவின் நான்கு மணி நேரப் பதிவுக்கு பிடபிள்யூடிஃபே தாராளம்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் மட்டும் அளவை மாற்ற ஒரு நியாயம் உண்டு. அங்கே 50 ஃபிரேம் வேகம் 720 வரிகளும் அதற்கு மேலும் உள்ள படங்களுக்குத்தான் கிடைக்கும். 576 வரிகளோடு ஏற்றினால் 25க்குக் குறைந்துவிடும். ஆகவே கோடு நீக்கி முடிந்த கோப்பை 960க்கு 720 என்று பெரிதாக்கி ஏற்றுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதென்றால், வீடியோவாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மறுபடியும் சுருக்கும்.